வேண்டாம் என்ற பொத்தான்

பதுளையில் எனக்குக் கணினி தெரியும் என்று நம்பியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடை முதலாளி ஹாஷிம் நானா. அவருக்குக் கணினியில் தெரிந்தது சுவிட்ச் மட்டும். மற்றவர் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வரும் ராசம்மாக்கா. அவருக்கு அந்தச் சுவிட்சும் தெரியாது. உயர்தரப் பரீட்சையில் இரண்டு தடவை விழுந்து, ஆறு மாதக் கணினி வகுப்பொன்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றவன் நான். எனக்கு இதைவிடத் தோதான இரசிகர்கள் எங்கே கிடைக்கப் போகிறார்கள்?

கடை, பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. ஐந்து கணினிகள் வைத்திருந்தோம். அவற்றில் நான்கு எப்போதும் வேலை செய்யும். எந்த நான்கு என்பதுதான் நாளுக்கு நாள் மாறும். பள்ளிக்கூடப் பையன்கள் விளையாட வந்தார்கள். தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு ஒரே காரியம்தான்: குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன மகளோடு, மனைவியோடு பேசுவது. இணையத்தில் பேசினால் முகமும் தெரியும்.

ஆனால் அதற்கு ஒரு மென்பொருளைத் திறந்து, பெயர் தட்டி, கடவுச்சொல் தட்டி, ஆளைத் தேடிப் பிடித்துக் கூப்பிட வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொருவருக்கும் நான்தான் கதிரையை விட்டு எழும்பிப் போனேன். எழும்பிப் போக அலுப்பாக இருந்ததால் ஒரு கண்டுபிடிப்புச் செய்தேன். மனித குலத்துக்காகச் செய்தேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

ஒரு பக்கம் தயாரித்தேன். அதில் எழுத்தே கிடையாது. வெளிநாட்டில் இருக்கிறவர்களின் படங்கள் மட்டும். மகளின் முகத்தில் அமுக்கினால் மகளுக்கு அழைப்புப் போகும். கேட்க இலேசு. இணைய முகவரி எச்டீடீபீ என்று தொடங்கினால் அது ஒரு பக்கம் என்று உலாவிக்குத் தெரியும். மெயில்டூ என்று தொடங்கினால் கடிதம் எழுதும் மென்பொருளை எழுப்பிவிடும். நாமாக வேறொரு சொல்லை முன்னால் போட்டால் உலாவி திருதிருவென்று விழிக்கும். இந்தச் சொல் வந்தால் இன்ன நிரலை எழுப்பு என்று விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் பதிந்துவிட்டால் விழிக்காது. நான் பதிந்த சொல் ‘கூப்பிடு’. ஆங்கில எழுத்தில் கூப்பிடு, ஒரு முக்காற்புள்ளி, அதன் பின் ஆளின் பெயர். அதைக் கண்டதும் நான் எழுதிய சின்ன நிரலொன்று எழும்பி, சத்தத்தைக் கூட்டி, தொலைபேசி மென்பொருளைத் திறந்து, ஆளைக் கூப்பிடும்.

அந்தப் பதிவில் ஒரு விசித்திரம் உண்டு. யூஆர்எல் புரோட்டகோல் என்று பெயரிட்டு ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். ஆனால் அதில் எதுவும் எழுதத் தேவையில்லை. பெயருக்கு இருந்தால் போதும், காரியம் நடக்கும். எங்கள் தோட்டத்துச் சங்கத்தில் இப்படி இரண்டு உபதலைவர்கள் இருந்ததால் எனக்கு அது உடனே விளங்கியது. விளங்காமல் போனது மேற்கோள்குறி. நிரல் இருந்த கோப்புறையின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தது. பாதையை மேற்கோள்குறிக்குள் போடாததால், கணினி அந்த இடைவெளி வரை வாசித்துவிட்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்று கையை விரித்தது. ஒரு முழு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ஹாஷிம் நானா என்னைப் பெரிய விஞ்ஞானி என்று நினைத்து, கீழேயிருந்து மீன் அடைத்த மாலு பாண் வாங்கித் தந்தார்.

கடைசியில் ஓடியது. முதல் தடவை படத்தை அமுக்கியபோது உலாவி ஒரு பெட்டியைக் காட்டி, வெளியிலிருக்கும் நிரலொன்றைத் தொடங்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. இனிமேல் கேட்காதே என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டு, ‘தொடங்கு’ என்பதை அமுக்கினேன். அது மறுபடி வரவில்லை. நானும் அதை மறந்துவிட்டேன்.

ராசம்மாக்காவின் மகள் தனுஜா குவைத்தில், படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். கைப்பேசியை வீட்டுக்காரி வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனால் கிழவியின் மகன் இலண்டனிலிருந்து கணினி வழியாகத் தாயோடு பேசுவான். அந்தக் கணினியை முடுக்குவது தனுஜாவின் வேலை. வெள்ளிக்கிழமை வீட்டு ஆண்கள் தொழுகைக்குப் போய், வீட்டுக்காரி தாய்வீடு போய், கிழவி கண்ணயரும் ஒரு அரை மணி நேரம் அவளுக்குச் சொந்தம். அது இங்கே பின்னேரம் இரண்டரை மணி. தாயைக் கூப்பிட அவளால் முடியாது. கடையில் அந்த மென்பொருள் படத்தை அமுக்கினால் மட்டுமே திறக்கும். இருந்த இணைய இணைப்பு அதை நாள் முழுக்கத் திறந்து வைக்கத் தாங்காது. ஆகவே அவள் காத்திருப்பாள், இவர் கூப்பிடுவார்.

அதற்காக ராசம்மாக்கா வெள்ளிக்கிழமைகளில் அரைப் பேருக்குத்தான் வேலை செய்வார். காலையில் எடுத்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, முழு நாள் சம்பளத்தில் பாதியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வருவார். படியேறி வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, இரண்டாம் இலக்கக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, மவுசைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடிப்பார். செருப்போடு வரலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். புள்ள முகம் வர்ற இடம் தம்பி, என்பார்.

ஐப்பசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தனுஜா அவசரமாகப் பேசினாள். நான் பக்கத்துக் கணினியின் பின்புறத்தைக் கழற்றிக்கொண்டு, கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அம்மா, எனக்கு மாசக் கடைசியோட தவண முடியுது. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அப்பாகிட்ட கேட்டு அடுத்த வெள்ளிக்கெழம சொல்லு. நீ வான்னா வந்துருவேன்.”

ராசம்மாக்கா பதில் சொல்வதற்குள் அங்கே கிழவி விழித்துக்கொண்டாள். திரை கறுத்தது.

படியிறங்கும்போது அவர் என்னிடம் சொன்னார். புருஷன் கணபதி தேயிலை ஃபெக்டரியில் சல்லடை அறையில் இருபத்தைந்து வருடம் நின்றவர். தூசி நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. எழும்பி நடந்தால் மூச்சு நிற்கிறது. அப்பாவுக்கு இருமல் என்பது மகளுக்குத் தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. தோட்டத்து டாக்டர், இருக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்க்க வையுங்கள் என்று சொல்லிவிட்டாராம். இருக்கிற பிள்ளை இவள் ஒருத்திதான்.

“வரச் சொல்லிறப் போறேன் தம்பி. அடுத்த வெள்ளிக்கெழம அந்த ஒரு வார்த்த சொன்னா போதும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கடையில் இல்லை. எனக்கு மஞ்சள் காமாலை. அப்புத்தளையில் அக்கா வீட்டில் படுத்துக் கிடந்தேன். அந்த ஊர் மூடுபனிக்குள் நான் கொல்லைக்குப் போய் வந்தால், எதிரே யாரோ மஞ்சள் லைட் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று லொறிக்காரர்கள் வேகத்தைக் குறைப்பதாக அத்தான் சொல்லித் திரிந்தார். கீழாநெல்லியைத் தவிர வேறொன்றும் உள்ளே போகவில்லை. கடையைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. முகத்தில் அமுக்கினால் போதுமே. அதற்கு நான் எதற்கு?

அந்த நாட்களில் கடையில் நடந்ததைப் பிறகு துண்டுதுண்டாகத் தெரிந்துகொண்டேன். நான் படுத்த வாரமே கணினிகளில் வைரஸ் புகுந்துவிட்டது. ஹாஷிம் நானா பண்டாரவளையிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் வேலை தெரிந்தவர்தான். துப்புரவு செய்துவிட்டு, வருகிற போகிறவர்கள் எதையும் கெடுக்காதபடி வாடிக்கையாளர்களுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு உண்டாக்கினார். என் படங்கள் உள்ள பக்கத்தையும் மறக்காமல் அதில் கொண்டுவந்து வைத்தார். என் ‘கூப்பிடு’ பதிவும் அப்படியே இருந்தது, ஏனென்றால் அது கணினி முழுவதற்கும் பொது. ஆனால் இனிமேல் கேட்காதே என்று நான் போட்ட அந்தச் சரி, என் கணக்கோடு நின்றுவிட்டது. புதுக் கணக்கில் உலாவி மறுபடியும் கேட்கத் தொடங்கியது, ஒவ்வொரு தடவையும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த மற்றவர்கள் அந்தப் பெட்டியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு முதல் பொத்தானை அமுக்கினார்கள். அழைப்புப் போனது. அதைப் பற்றி நானாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நின்று யோசித்தவர் ராசம்மாக்கா ஒருவர்தான்.

நான் திரும்பி வந்த நாளும் ஒரு வெள்ளிக்கிழமை. ஹாஷிம் நானா ஜும்மாத் தொழுகை முடிந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கல்லாவில் அரைத்தூக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும், “இன்னமும் மஞ்சளா ஈக்கிறீங்களே மகன்” என்றார். ராசம்மாக்கா ஒழுங்காக வருகிறாரா என்று கேட்டேன். எல்லா வெள்ளியும் வந்தது, கொஞ்ச நேரம் இருந்திட்டு போயிடும், மகள் கிடைக்கல்ல போல, அந்த வீட்டுக்காரி பொல்லாதவள் ஆக்கும் என்றார்.

அவர் சொல்லி முடிக்க முன்னரே ராசம்மாக்கா படியேறி வந்தார். முகம் சிறுத்திருந்தது. என் உடம்பைப் பற்றி விசாரித்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மூன்று வெள்ளிக்கிழமையாக மகள் வரவில்லை என்றார். ஆளை அமுக்கினால் ஆள் வருவதில்லை, வேறு யாரோ வருகிறார்கள் என்றார்.

“யாருக்கா வர்றது?”

“இருங்க காட்டுறேன்.”

மகளின் முகத்தில் அமுக்கினார். திரை நடுவே அந்தச் சாம்பல் நிறப் பெட்டி வந்து நின்றது. எனக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைக் காட்டித் தன் சாமர்த்தியத்தை விளக்கிக்கொண்டிருந்தார். முதல் வெள்ளிக்கிழமை இது வந்தபோது பயந்துபோய், பக்கத்துக் கணினியிலிருந்த சுலோஜனா டீச்சரிடம் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர். ஒரு சொல் விடாமல் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்: “வெளியில இருக்கிற ஒண்டைத் திறக்கட்டோ எண்டு கேக்குது அம்மா. நீங்கள் கேக்காமல் இது வந்திருந்தா, வேண்டாம் எண்டு குடுக்கச் சொல்லுது.”

“நான் புள்ளையத்தானே கேட்டேன், இத யாரு கேட்டா? அதுனால வேணான்னு குடுத்துட்டேன். பொறவு எனக்கே அந்தப் பொத்தான் தெரிஞ்சிருச்சு. எங்க சின்னய்யா இப்பிடித்தான் தம்பி, என்னா ஏதுன்னு தெரியாம ஒரு இங்கிலீசுத் தாள்ல கைநாட்டு வச்சாரு. குடும்பத்தோட இந்தியாவுக்குக் கப்பலேத்திட்டாங்க. அப்பறம் அவுங்க மொகத்த நாங்க பாக்கல. நான் மாட்டுவேனா?”

அந்தப் பெட்டியை எழுதியவன் உலகத்தின் எந்த மூலையில் இருந்தானோ தெரியாது. கள்ளர்களிடமிருந்து மனிதர்களைக் காப்பாற்ற எழுதியிருந்தான். அவன் எச்சரிக்கையைச் சொன்ன சொல் தவறாமல் கடைப்பிடித்த ஒரே வாடிக்கையாளர் நமுனுகுலப் பக்கம் கொழுந்தெடுக்கும் ஒரு பெண் என்பது அவனுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

எட்டி, மவுசை வாங்கி, மற்றப் பொத்தானை அமுக்கினேன்.

மணி அடித்தது. இரண்டாவது மணிக்குள் தனுஜாவின் முகம் வந்துவிட்டது. அவ்வளவு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

ராசம்மாக்கா முதலில் மகளைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே இப்போது மகளின் கழுத்து தெரிந்தது. அவருக்கு விளங்கிவிட்டது என்பதை, தலைத்துணியின் நுனியை எடுத்து வாயில் வைத்த விதத்தில் கண்டேன்.

தனுஜா பேசத் தொடங்கினாள். போன வெள்ளிக்கிழமையும் பார்த்தேன், அதற்கு முந்தியதும் பார்த்தேன், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு சின்ன மணிச் சத்தம் வந்தாலும் கேட்கிற மாதிரிக் காதை வைத்துக்கொண்டு இருந்தேன் என்றாள். அவள் குரலில் குறை இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

“உன்னப் பத்தி எனக்குத் தெரியாதாம்மா. சின்னப் புள்ளையில டவுனுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்டா, இல்லன்னு சொல்ல மாட்ட. பேசாம இருப்ப. நீ பேசலன்னா வேணான்னு அர்த்தம். அதுனால புதன்கெழம கையெழுத்து வச்சிட்டேன். ரெண்டு வருசம்.”

கடையில் அப்போது நான்கு கணினிகளும் ஓடிக்கொண்டிருந்தன. கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். நான் முன்னே குனிந்து, மகளிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு பெட்டி, ஒரு சரி, அது என் கணக்கில் மட்டும்... எப்படிச் சொல்லித் தொடங்குவது என்று நான் சொற்களைத் தேடுவதற்குள் ராசம்மாக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்த விரல்கள். வலித்தது.

“ஆமா” என்றார் மகளிடம். “இருக்கட்டும்னுதான் கூப்புடல. நல்ல எடம். விட்டுட்டு வந்து இங்க என்னா செய்யப் போற?”

தனுஜா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளும் அந்தத் தாயின் மகள்தான்.

“அப்பா எப்பிடி இருக்காரு?”

“இருக்காரு. ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டு இருப்பாரு.”

“இருமல்?”

“மருந்து குடுத்திருக்காங்க. நீ சாப்புட்டியா?”

சாப்பாட்டைப் பற்றியும் கிழவியின் படுக்கைப் புண்ணைப் பற்றியும் மிச்ச நேரம் முழுவதும் பேசினார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்வதில் அவ்வளவு மும்முரமாக இருந்ததால் ஒருவரும் அழவில்லை. அழ நினைத்தது நான்தான். அதற்கும் ஹாஷிம் நானா விழித்துக்கொண்டு, ப்ளேன்டீ குடிக்கிறீங்களா என்று கேட்டுக் குறுக்கே வந்தார்.

அழைப்பு முடிந்ததும் ராசம்மாக்கா கதிரையில் அப்படியே இருந்தார். கையெழுத்தை மாற்ற முடியாதா, அங்கே யாரிடமாவது சொல்ல முடியாதா என்று நான் கேட்டேன். முகவர், தூதரகம் என்று எனக்குத் தெரிந்த பெரிய சொற்களையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மேடம் கடவுச்சீட்டை வைத்திருக்கிறாள், இனி அவளால் வர முடியாது, அப்பாவின் நிலை தெரிந்தால் இருக்கிற இரண்டு வருடமும் அவளுக்கு நரகமாகிவிடும், தெரியாமலே நிம்மதியாக இருக்கட்டும் என்றார். பிறகு முதல் தடவையாக என்னிடம் ஒரு உதவி கேட்டார். வீடு வரைக்கும் வர முடியுமா என்று.

வீட்டில் கணபதியண்ணனுக்கு நடந்ததை விளக்குவதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இயந்திரம், பெட்டி, கணக்கு எல்லாவற்றையும் ஒரு நோயாளிக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். என் மீது பிழையை எவ்வளவு போட்டுக்கொள்வது, பண்டாரவளைக்காரர் மீது எவ்வளவு போடுவது என்று பங்கு பிரித்தேன். ராசம்மாக்கா ஜன்னல் பக்கம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மழை தூறியது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுடையது கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. உள்ளே நுழைந்ததும் சுண்ணாம்பு மணம் அடித்தது. மகள் வருவாள் என்று பக்கத்து வீட்டுப் பையன்களைக் கொண்டு கணபதியண்ணன் சுவருக்கு வெள்ளை அடிக்க வைத்திருந்தார். அவர் கட்டிலில் தலையணைகளை முதுகுக்கு அடுக்கி, உட்கார்ந்த மாதிரிச் சாய்ந்திருந்தார். மனிதரில் மிச்சம் இருந்தது கண்ணும் தோள் எலும்பும்தான். ஒவ்வொரு மூச்சும் எங்கேயோ தூரத்திலிருந்து அவரை வந்து சேர வேண்டியிருந்தது. கதவைத் திறந்த சத்தத்திலேயே கேட்டார்.

“புள்ள என்னா சொன்னிச்சு? எப்ப வருதாம்?”

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். ஒத்திகை பார்த்த முதல் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ராசம்மாக்கா என்னைத் தாண்டிப் போய், குடையைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்:

“நான்தான் இருக்கச் சொல்லிட்டேன். ரெண்டு வருசத்துக்குப் போட்டுட்டா.”

கணபதியண்ணன் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் யாரிடமும் வாங்க விரும்பமாட்டேன். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதுதான் வாசலில் ஈரக் காற்சட்டையோடு நிற்கும் என்னை அவர் கண்டார். அந்நிய ஆள். டவுனிலிருந்து வந்த தம்பி. வாய் மெதுவாக மூடியது. புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பிக்கு ஒக்கார எடம் குடு” என்றார் பிறகு. “நனைஞ்சிட்டு நிக்கிறாரு. தேத்தண்ணி ஊத்து.”

தேநீர் குடித்தேன். அவர் என் ஊரைக் கேட்டார், தகப்பன் பெயரைக் கேட்டார், டவுனில் கரண்ட் அடிக்கடி போகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னேன். மகளைப் பற்றி அவர் மறுபடி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ராசம்மாக்கா என்னைப் பஸ் பாதை வரை கொண்டுவந்து விட்டார். இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் தன் மீது பழியைப் போட்டுக்கொண்டது சரியில்லை, நான் வேண்டுமானால் இன்னொரு நாள் வந்து அண்ணனிடம் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன்.

“வேணாம் தம்பி. மிசினுன்னு சொன்னா, சரி, இன்னொருக்கா சொல்லிப் பாருன்னு தெனமும் கேப்பாரு. எம்மேல கோவம்னா அதோட முடிஞ்சிரும்.”

“அப்ப என்னய எதுக்குக்கா கூட்டிக்கிட்டு வந்தீங்க?”

“வெளியாளு இருந்தா அவரு சத்தம் போட மாட்டாரு. சத்தம் போட்டா இருமல் புடிச்சிரும். புடிச்சா விடியுற வரைக்கும் நிக்காது.”

பஸ் வரும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பாதையோரத்தில், லயத்துப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.